நான்கு அடி உயரத்தில் ஒரு வெட்டு: புயலுக்குப் பின் வீடு பழுதுபார்க்க வரும் திருச்சபைக் குழுக்கள்

அமெரிக்காவில் வெள்ளம் புகுந்து வடிந்த வீட்டுக்குள் திருச்சபைக் குழு ஒன்று நுழைந்ததும் முதலில் தேடுவது சுவரில் படிந்த பழுப்புக் கோட்டைத்தான். தண்ணீர் எந்த உயரத்தில் நின்றது என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும். கணுக்கால் அளவு என்றால் ஒரு வேலை, இடுப்பளவு என்றால் வேறு வேலை. பெரும்பாலான வீடுகளில் தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில் நேர்கோடு போட்டு, அதற்குக் கீழே உள்ள சுவர்ப் பலகை முழுவதையும் அறுத்து எடுத்துவிடுவார்கள். அது ஏன் நான்கு அடி? கடையில் விற்கும் ஜிப்சம் பலகையின் அகலம் நான்கு அடி. பின்னொரு நாள் புதுப் பலகையைப் படுக்கைவாட்டில் வைத்தால் வெட்டிய இடத்தில் அளவாகப் பொருந்திவிடும்.

சபையார் குழுவாக வெளியூர் சென்று ஊழியமாக உதவி செய்யும் மிஷன் பயணம் என்ற ஏற்பாட்டின் பாதி இந்தச் சிறு விவரத்தில் அடங்கியிருக்கிறது. மறுபாதி அந்த வீட்டுக்கு வெளியே, ஒரு மேசையைச் சுற்றி நடக்கிறது. ஒரே நிறத்தில் சட்டை அணிந்த இளைஞர்கள் சுத்தியலோடு நிற்கும் புகைப்படங்களில் அந்த மேசை வருவதில்லை. ஆனால் ஒரு வாரப் பயணம் பயன்படுமா, வீணாகுமா என்பதை முடிவு செய்வது அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வீட்டைப் பார்ப்போம். அமெரிக்கக் குடியிருப்புகளில் பெரும்பான்மை மரச்சட்ட வீடுகள். வெளியிலிருந்து செங்கல் சுவராகத் தெரிவதுகூடப் பல வீடுகளில் மேலே ஒட்டிய ஒற்றை வரிசைதான். கூரையைத் தாங்குவது உள்ளே பதினாறு அங்குல இடைவெளியில் நிற்கும் மரக்கால்கள். அவற்றின்மேல் இருபுறமும் பலகை அறைந்து, நடுவே பஞ்சு போன்ற வெப்பத்தடுப்பு அடைத்தால் சுவர் ஆகிவிட்டது. மெல்ல ஏறி நிற்கும் வெள்ளம் இந்தச் சுவரை இடிப்பதில்லை, ஊறவைக்கிறது. பலகையின் காகித உறை தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்ற, உள்ளிருக்கும் பஞ்சு அதை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சணம் படரத் தொடங்கும். ஆனால் மரக்கால்கள் பெரும்பாலும் பிழைத்துவிடும். நனைந்த சதையைக் களைந்து, எலும்பைக் கழுவிக் காயவைத்தால் மறுபடியும் போர்த்தலாம்.

அதனால்தான் சுத்தியல் பிடித்தே பழகாத ஆசிரியையும் வங்கி ஊழியரும் அங்கே உண்மையிலேயே பயன்படுகிறார்கள். பலகையைப் பிய்ப்பது, ஆணி பிடுங்குவது, சேற்றை வாரித் தெருவோரம் குவிப்பது, மரக்கால்களைத் தேய்த்துக் கழுவுவது ஆகியவற்றை அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். புதுப் பலகை பொருத்துவதையும் பொறுமையாகச் சொல்லித் தந்தால் செய்துவிடுவார்கள். இணைப்புகளின்மேல் நாடா ஒட்டிப் பசை பூசுவதற்குக் கை பழக வேண்டும். பொதுவாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் தேய்ப்பு என்று நாள்கள் ஓடும். மின் இணைப்பும் குழாய் வேலையும் வேறு. பெரும்பாலான இடங்களில் அவற்றுக்கு உரிமம் பெற்ற ஆள் வேண்டும், உள்ளாட்சி அலுவலகத்தின் அனுமதி வேண்டும், ஆய்வாளர் வந்து பார்த்த பிறகே சுவரை மூடலாம். 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், தரை ஓடுகளில் கல்நார் இருக்கக்கூடும். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் உற்சாகத்தில் உள்ளே பாய்கிறவர் தனக்கும் வீட்டுக்காரருக்கும் கேடு தேடித் தருகிறார்.

இதைவிட முக்கியமான ஓர் இடைவெளி இருக்கிறது, அது காய்கிற காலம். ஈரப்பத அளவியின் முனையை மரத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் பலகை அறையக் கூடாது என்பது வழக்கமான அளவுகோல். அவசரப்பட்டு மூடினால் சில மாதங்களில் சுவருக்குள் கறுப்புப் பூஞ்சணம் பூக்கும், செய்த வேலை முழுவதையும் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஓடுகிற அந்த வாரங்களில் தன்னார்வலருக்கு அங்கே வேலையே இல்லை. வெளியூரில் இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. தொலைக்காட்சியில் சேதம் ஓடுகிற நாள்களில் சபைகள் வேன் பிடித்துப் புறப்படத் துடிக்கின்றன. வீடு அவர்களை ஏற்கத் தயாராகும்போது செய்தி வேறு எங்கோ போய்விட்டிருக்கும்.

வீடு காய்ந்த பின்னும் வேலை தொடங்காததற்குக் காரணம் பணம். அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு தராது. அதற்கென்று 1968-இல் உருவான தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாகச் சேர வேண்டும். அதிலும் ஒரு குடும்பம் வாழும் வீட்டின் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். வெள்ள அபாயப் பகுதி என்று வரைபடத்தில் குறிக்கப்படாத ஊர்களில் மிகச் சிலரே சேர்ந்திருப்பார்கள். அடுத்த வழி ஃபெமா எனப்படும் கூட்டரசுப் பேரிடர் முகமை. 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி தாக்கியபோது ஒரு குடும்பத்தின் வீட்டுத் தேவைக்கு அது தரக்கூடிய அதிகபட்ச உதவித்தொகை 42,500 டாலர். பெரும்பாலோருக்குக் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு. அந்தத் தொகையின் நோக்கமே வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதன்று, பாதுகாப்பாகக் குடியிருக்கத்தக்கதாக ஆக்குவதுதான். குறைந்த வட்டிக் கடன் உண்டு, திருப்பிச் செலுத்தும் வசதி உள்ளவர்களுக்கு. அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கும் பெரிய மறுகட்டுமான நிதி மாநிலங்கள் வழியாக வீட்டு வாசலுக்கு வந்து சேர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பழுதுபார்க்க ஒப்பந்தக்காரர் 70,000 டாலர் கேட்கிறார், வீட்டுக்காரரிடம் இருப்பது 25,000. இந்தப் பள்ளத்தை எந்த வங்கியும் நிரப்பாது. ஆனால் அந்த 70,000-இல் பாதி கூலி என்று வைத்துக்கொண்டால், கூலி இல்லாமல் செய்து கொடுக்க ஆள் வரும்போது தேவை 35,000-ஆகச் சுருங்குகிறது. பள்ளம் 45,000-இலிருந்து 10,000-க்கு இறங்கிவிடுகிறது. பத்தாயிரத்தை ஓர் உள்ளூர் அறக்கட்டளையும் இரண்டு சபைகளும் சேர்ந்து தந்துவிட முடியும். இலவச உழைப்பின் மதிப்பு இதுதான். கையில் இருக்கும் சிறு தொகையை வீடு முடிக்கப் போதுமான தொகையாக அது மாற்றிவிடுகிறது.

இந்தக் கணக்கைப் போடுகிற இடம்தான் நான் சொன்ன மேசை. பேரிடர் நடந்த மாவட்டத்தில் சபைகளும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து நீண்டகால மீட்புக் குழு ஒன்றை அமைக்கும். கேஸ் மேனேஜர் என்ற பணியாளர் ஒவ்வொரு குடும்பத்தோடும் மாதக்கணக்கில் நடப்பார்: காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தைப் படித்துச் சொல்வது, மறுக்கப்பட்ட விண்ணப்பத்துக்கு மேல்முறையீடு எழுதுவது, முதியவரின் மருந்துச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது. கிடைக்கக்கூடிய எல்லா உதவியும் தீர்ந்த பிறகும் தேவை மிஞ்சினால் அந்தக் குடும்பத்தின் நிலையைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார், பெரும்பாலும் பெயர் சொல்லாமல். ஓர் அமைப்பு பலகைக்கும் மரத்துக்கும் பணம் தருவதாகச் சொல்லும். இன்னொன்று மார்ச் மாதம் மூன்று வாரத்துக்கு ஆள் தருவதாகச் சொல்லும். குழாய் வேலைக்காரர் ஒருவர் இரண்டு நாள் இலவசமாக வர ஒப்புக்கொள்வார். இப்படி எல்லாம் கூடி வந்தபின்தான் எங்கோ ஒரு மாநிலத்தில் இருக்கும் சபைக்கு இந்த வாரத்தில் இத்தனை பேர் வாருங்கள் என்று அழைப்புப் போகும்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி கரையேறி, வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கிய பிறகு இந்த முறை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. பிற நாடுகள் அமெரிக்காவுக்கு அளித்த நன்கொடையிலிருந்து 6.6 கோடி டாலர் கேஸ் மேனேஜர் பணிக்கென்று ஒதுக்கப்பட்டது. அப்பணிக்காகச் சேர்ந்த அமைப்புகளின் கூட்டமைப்பை வழிநடத்தியது மெதடிஸ்ட் திருச்சபையின் நிவாரண அமைப்பு. உடைப்பவர்களும் பூசுபவர்களும் நாடெங்குமிருந்து வந்துகொண்டிருந்தார்கள். எந்த வீட்டுக்கு எந்த வரிசையில் போவது என்று சொல்ல ஆள் இருந்த இடத்தில்தான் அவர்கள் உழைப்பு வீடாயிற்று.

அந்த வரிசையில் நீதியும் கலந்திருக்கிறது. லூசியானா மாநிலம் நடத்திய 'ரோடு ஹோம்' திட்டம், புயலுக்கு முந்தைய வீட்டு மதிப்பு அல்லது பழுதுச் செலவு, இவற்றில் எது குறைவோ அதை வைத்து உதவித்தொகையைக் கணக்கிட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டு மதிப்பு குறைவு. பலகையின் விலையோ எல்லாத் தெருவிலும் ஒன்று. ஒரே அளவு சேதத்துக்கு ஒரு தெருவில் போதுமான பணமும் இன்னொரு தெருவில் பாதிப் பணமும் கிடைத்தன. 2008-இல் வழக்குத் தொடுக்கப்பட்டு 2011-இல் சமரசம் ஆனது. பாட்டி காலத்து வீட்டில் பேரப்பிள்ளைகள் வாழ்ந்துகொண்டிருப்பார்கள், ஆனால் பத்திரம் இறந்தவர் பெயரிலேயே கிடக்கும். அப்படிப்பட்ட வாரிசுச் சொத்துகளில் இருந்தவர்கள் உரிமையை நிரூபிக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் தவித்தார்கள். பத்திரம் இல்லாதவர்களும் சொந்த உறுதிமொழியின்பேரில் உரிமையைக் காட்டலாம் என்று ஃபெமா தன் விதியைத் தளர்த்தியது 2021-இல்தான். தன்னார்வலர்கள் அதிகம் வேலை செய்தது இப்படி அரசின் கணக்கிலிருந்து விடுபட்ட வீடுகளில். அவர்கள் செய்தது நற்காரியம். அந்த வீடுகளுக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் அநியாயம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சபைகளுக்கு இடையே ஏற்பட்ட வேலைப் பிரிவினை எனக்கு எப்போதும் வியப்பு. இறையியலில் இன்றும் ஒத்துப்போகாதவர்கள் சேற்றில் இறங்கியதும் யார் எதைச் செய்வது என்று சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். தென்னகப் பாப்டிஸ்டுகளின் அடையாளம் மஞ்சள் சட்டை. 1967-இல் டெக்சாஸை ஒரு சூறாவளி தாக்கியபோது சூடான உணவு சமைத்துக் கொடுக்கத் தொடங்கிய அவர்களுடைய நடமாடும் சமையற்கூடங்களில் தயாராகும் உணவை இன்று செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டிகள் கொண்டுபோய் வழங்குகின்றன. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் நன்கொடைப் பொருள்களின் கிடங்குகளைப் பராமரிக்கிறார்கள். பிரெதரன் சபையினர் 1980 முதல் முகாம்களில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்கிறார்கள். பெற்றோர் விண்ணப்பம் நிரப்பும் ஒரு மணி நேரம் பிள்ளை பாதுகாப்பாக விளையாடுவது எவ்வளவு பெரிய உதவி என்பதை வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். மெதடிஸ்டுகள் ஐந்து காலன் வாளிக்குள் தூரிகை, சோப்பு, கையுறை அடுக்கி ஆயிரக்கணக்கில் ஆயத்தமாக வைத்திருப்பார்கள். 1969-இல் மிசிசிப்பி கரையைக் கமீல் சூறாவளி சிதைத்தபோது ஒரே வேலையைப் பலர் தனித்தனியே செய்ய, வேறு தேவைகள் கவனிக்கப்படாமல் போயின. அதிலிருந்து பாடம் கற்று 1970-இல் இந்த அமைப்புகள் ஒரு தேசியக் கூட்டமைப்பாகச் சேர்ந்தன.

வீடு கட்டுவதில் மெனோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தனி ரகம். 1950-இல் கான்சாஸ் மாநிலத்தின் ஹெஸ்டன் ஊரில் ஞாயிறு வகுப்பு இளைஞர்கள் சிலர் தொடங்கிய முயற்சி இன்று மெனோனைட் பேரிடர் சேவை. போரில் ஆயுதம் எடுக்க மறுக்கும் மரபினர் அவர்கள். நாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்குக் கைத்தொழிலால் பதில் சொல்ல விரும்பினார்கள். விவசாயிகளும் தச்சர்களும் நிறைந்த சமூகம் என்பதால், அறுவடை முடிந்த பின் வசந்தம் வரை ஆள் கிடைக்கும். அவர்களோடு மரபால் நெருங்கிய ஆமிஷ் மக்களும் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வார்கள். இளைஞர் குழுக்கள் வாரா வாரம் மாறினாலும், திட்டத் தலைவர், சமையல்காரர், வேலைக் குழுத் தலைவர்கள் என ஒரு சிலர் மாதக்கணக்கில் அங்கேயே தங்கியிருப்பார்கள். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற தம்பதியர். திங்கட்கிழமை வருகிற இருபது புதியவர்களுக்குப் போன வாரம் எந்த அறையில் எந்தப் பூச்சு வரை முடிந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வாரக்குழு தண்ணீர் மாதிரி, வந்து போய்க்கொண்டே இருக்கும். கரை இவர்கள்.

கையெழுத்துப் புத்தகம் என்றொரு விஷயம் இருக்கிறது. வேலைக்கு வந்தவர் நேரத்தைக் குறிக்கச் சொன்னால் பலர் சலித்துக்கொள்வார்கள், ஆண்டவருக்குச் செய்வதற்கு எதற்குக் கணக்கு என்று. ஆனால் இடிபாடு அகற்றல் போன்ற அவசரகாலப் பணிகளின் செலவில் கூட்டரசு வழக்கமாக 75 விழுக்காட்டை ஏற்கும், மீதி மாநிலத்தின், ஊராட்சியின் பொறுப்பு. அப்பணிகளில் தன்னார்வலர் உழைத்த மணி நேரத்துக்கு மதிப்புப் போட்டு அந்தப் பங்கில் கழித்துக்கொள்ள விதி இருக்கிறது. 2011 மே 22 அன்று 150-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சுழற்காற்றுக்குப் பின் மிசௌரியின் ஜோப்ளின் நகரம் அப்படித்தான் செய்தது. வந்தவர்களின் நேரத்தைக் கவனமாகப் பதிந்து வைத்ததால் நகரத்தின் செலவுச் சுமை குறைந்தது.

இந்தப் பயணங்களைப் பற்றிய கடுமையான கேள்வியை எழுப்பியது அமெரிக்காவுக்கு வெளியே நடந்த ஒரு சம்பவம். 1998 அக்டோபரில் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைச் சூறையாடியது. வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் விமானத்தில் பறந்து வந்து வீடு கட்டின. ஹோண்டுராஸில் வாழ்ந்துவந்த கிறிஸ்தவச் சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் பின்னர் அந்த வீடுகளைப் பெற்றவர்களையும் கட்டியவர்களையும் ஆராய்ந்தார். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு ஏறத்தாழ 2,000 டாலரில் கட்டிய வீட்டுக்கு, வெளிநாட்டுக் குழு பயணச் செலவையும் சேர்த்து 30,000 டாலர் செலவழித்திருந்தது. வெளிநாட்டவர் கட்டிக் கொடுத்ததால் வீடு பெற்றவர் வாழ்க்கையில் கூடுதல் மாற்றம் எதுவும் தென்படவில்லை. பயணம் தங்களை மாற்றிவிட்டது என்று சொன்ன தன்னார்வலர்களின் வாழ்க்கையிலும், அவர்கள் சொன்ன அளவுக்கு மாற்றத்தை நன்கொடைப் பதிவுகள் காட்டவில்லை.

இந்த ஆய்வை மிஷன் பயணங்களின் ஆதரவாளர்கள் எளிதாகக் கடந்துபோகிறார்கள், எதிர்ப்பாளர்கள் எல்லாவற்றுக்கும் பொருத்திவிடுகிறார்கள். இரண்டும் சரியில்லை. ஹோண்டுராஸில் தச்சருக்கும் கொத்தனாருக்கும் பஞ்சமில்லை, வேலைதான் பஞ்சம். அங்கே பணம் தட்டுப்பாடு, உழைப்பு மலிவு. அந்த இடத்துக்கு உழைப்பை இறக்குமதி செய்தது தலைகீழ்க் கணக்கு. அமெரிக்காவில் பேரிடருக்குப் பின் ஒப்பந்தக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள், கூலி எகிறும், முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோகும் ஆசாமிகள் உலவுவார்கள். அங்கே உழைப்புதான் அரிது. வேனில் எட்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போகிறவர்களின் கணக்கு வேறு, விமானத்தில் கடல் தாண்டுகிறவர்களின் கணக்கு வேறு. ஆயினும் வெர் பீக்கின் கேள்வி உள்நாட்டுப் பயணத்துக்கும் அப்படியே பொருந்தும்: இங்கே எது குறைவாக இருக்கிறது, நான் கொண்டுபோவது அதுவா? பணம் குறைவான இடத்தில் பயணத்தை ரத்து செய்துவிட்டுப் பயணச் செலவை அனுப்புகிற சபைதான் கூடுதலாக உழைத்த சபை.

நம்பிக்கையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். காலையில் ஜெபித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்காரரிடம் மதம் பேசலாமா? தேசியக் கூட்டமைப்பின் ஒப்புக்கொள்ளப்பட்ட நெறிகளின்படி உதவியை மதத்தோடு முடிச்சுப் போடக் கூடாது, துயரத்தில் இருப்பவரின் பலவீனத்தைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டுக்காரரே கேட்டால் ஜெபிக்கலாம். மேசையில் குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும்போது சபை உறுப்பினரா என்று பார்க்கக் கூடாது. எல்லாக் குழுவும் இதை ஒரே கண்டிப்போடு கடைப்பிடிக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அனுபவம் உள்ள குழுக்களில் ஒரு பழக்கம் பார்க்கலாம்: வீட்டுக்காரர் பேச உட்கார்ந்தால், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு ஓர் அறை முடியாமல் போனாலும் பரவாயில்லை. குவித்துப் போட்ட குப்பையிலிருந்து ஒரு திருமணப் படத்தை எடுத்துத் துடைத்து வைப்பதும் வேலையில் சேர்த்திதான்.

ஹெலீன் இந்த முழு முறையையும் ஒரு புதிய நிலப்பரப்பில் கொண்டுபோய் நிறுத்தியது. 2024 செப்டம்பர் 26 அன்று ஃபுளோரிடாவில் கரையேறிய சூறாவளி, கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள வடக்குக் கரோலைனாவின் மேற்கு மலைகளில் பெருமழையாகக் கொட்டியது. மலைக்கு வெள்ளம் வராது என்று நம்பியிருந்த மாவட்டங்களில் வெள்ளக் காப்பீடு வைத்திருந்தவர்கள் அரிது. நியூ ஆர்லியன்ஸில் வீடு ஊறிப்போய் நின்றது. இங்கே பல இடங்களில் வீடும் போனது, அது நின்ற மண்ணும் சரிந்து போனது. ஓடையைக் கடந்து வீட்டுக்குப் போகும் சிறு பாலங்கள் தனியாருக்குச் சொந்தமானவை. அவை அடித்துச் செல்லப்பட்டதால் பலகை ஏற்றிய வண்டியால் வாசலை அடையவே முடியவில்லை. வீடு பழுதுபார்க்க வந்த குழுக்கள் முதலில் பாலம் கட்ட வேண்டியிருந்தது. பாலத்துக்கு அரை நாள் பயிற்சி போதாது. பொறியாளர் வேண்டும், கனரக இயந்திரம் வேண்டும், மறுபடியும் அந்த மேசை வேண்டும்.

இப்போது ஒரு சபை மிஷன் பயணம் போகலாமா என்று யோசிக்குமானால் நான் சொல்வது: இரண்டாம் ஆண்டில் போங்கள். முதல் மாதத்தில் பயிற்சி பெற்ற அவசரகாலக் குழுக்கள் போதும். பதினெட்டாவது மாதத்தில், மேசையில் கோப்புகள் குவிந்து தன்னார்வலர் பட்டியல் வெறுமையாகிற நேரத்தில், அழைப்பு வந்த தேதியில் போங்கள். அடுத்த ஆண்டும் அதே ஊருக்குப் போங்கள். சொல்லப்பட்ட வேலையைச் செய்யுங்கள், அது ஐந்து நாளும் கழிப்பறைச் சுவருக்குப் பூச்சுத் தேய்ப்பதாக இருந்தாலும்.

வீடு முடிந்ததும் பல அமைப்புகள் சிறிய அர்ப்பணிப்பு ஆராதனை நடத்துகின்றன. ஒரு பாடல், ஒரு ஜெபம், சில இடங்களில் பெண்கள் கையால் தைத்த போர்வை ஒன்று பரிசு, பிறகு சாவி. வாசலில் நிற்பது கடைசி வாரத்துக் குழு, அதாவது கதவுப் பிடி பொருத்தியவர்கள், வண்ணம் பூசியவர்கள். நான்கு அடி உயரத்தில் கோடு போட்டு அறுத்தவர்கள் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார்கள். யாராவது ஒரு படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பி வைப்பார்கள்.